புற்று மீண்டும் தழைப்பது ஏன்?



லாலான் புல்லை அறியாதவர் நம்மில் எவரும் இருக்க முடியாது. இளங்கன்றுகள் நட்ட நிலத்தில் லாலான் மண்டிவிட்டால் காலையிலிருந்து உச்சி வெயில் வரை வெட்டித் தள்ளுகிறோம். நிலம் மொட்டையாகிவிடுகிறது. வேலை முடிந்தது என்று வீடு திரும்புகிறோம். சில நாள் கழித்து ஒரு மழை பெய்தால் போதும். வெட்டிய இடமெல்லாம் ஊசி ஊசியாக முளைத்து நிற்கும். காரணம் நமக்குத் தெரியும். நாம் வெட்டியது இலையை. புல்லின் உயிரோ மண்ணுக்குள் ஓடும் வெள்ளைத் தண்டில் இருக்கிறது. அதில் ஒரு கணு மிஞ்சினாலும் மறுபடி காடாகிவிடும்.

புற்றுநோயைப் பற்றிப் பேச வந்த நாம் புல்லைப் பற்றிப் பேசத் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. மருந்துக்கும் கத்திக்கும் அடங்கிய ஒரு புற்றுக்கட்டி, ஓராண்டோ ஈராண்டோ கழித்து அதே இடத்தில் மீண்டும் தலைதூக்குவது ஏன் என்ற கேள்விக்கு, லாலானைப் போன்ற ஒரு விடையைத்தான் அறிவியலார் கண்டிருக்கிறார்கள். அந்த விடையை இன்று பார்ப்போம்.

முதலில் நம் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுவோம். திகாம் பத்து, சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு வெற்றிலைப் பை புதிதல்ல. இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டப் போகும் போது மடியில் அது இருக்கும். இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. பல குடும்பங்கள் லயத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபோய்விட்டன. ஆயினும் பாட்டிமார் சிலரின் மடியை விட்டு அந்தப் பை மட்டும் இறங்கவில்லை.

இதன் விலை என்ன? தீபகற்ப மலேசியாவின் வாய்ப்புற்று நோயாளிகளை இன வாரியாக ஆராய்ந்து மருத்துவர் இராமநாதன் முதலியோர் 1976-ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மக்கள் தொகையில் இந்தியர்களின் பங்கு சிறியது. வாய்ப்புற்று நோயாளிகளிலோ அவர்களின் பங்கு பல மடங்கு பெரிது என்பது அதில் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று 1985-இல் அறிவித்தது. 2004-இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும், பாக்கு ஒன்றே அதற்குப் போதும் என்று உறுதியாகக் கூறியது. “நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்” என்று சொல்லும் தாய்மார்கள் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

இனி, தோட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு. கன்னத்தின் உட்புறத்தில் புண் வந்த ஓர் அம்மாளுக்கு வைத்தியம் தொடங்குகிறார்கள். சில வாரத்தில் புண் சுருங்குகிறது, வலி குறைகிறது. “ஆறிப்போச்சு, இனி எதற்கு இவ்வளவு தூரம் அலைய வேண்டும்? கூலியும் போகுதே” என்று நின்றுவிடுகிறார். அடுத்த ஆண்டு நோய் திரும்புகிறது. அக்கம்பக்கத்தார், “கத்தி பட்டதால் பரவிவிட்டது” என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல் அடுத்த நோயாளியின் காதில் விழுகிறது. அவர் ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருந்துவிடுகிறார். ஒரு தவறான விளக்கம் இப்படி இரண்டு உயிர்களுக்கு எமனாகிறது. ஆகவேதான் சரியான விளக்கம் நமக்குத் தேவைப்படுகிறது.

நம் உடல் கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. அவை தேய்ந்து உதிர்வதும் புதியவை பிறப்பதும் நாள்தோறும் நடக்கிறது. வாயின் உட்தோல் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். சூடான தேநீர் பட்டு வெந்த நாக்கு சில நாளில் சரியாகிவிடுவது இதனால்தான். புதிய அணுக்கள் எங்கிருந்து வருகின்றன?

பால்மரத்தை எண்ணிப் பாருங்கள். பட்டையைச் சீவுகிறோம், சில ஆண்டுகளில் அதே இடத்தில் புதுப்பட்டை வளர்ந்துவிடுகிறது. ஆனால் கத்தி ஆழமாகப் போய்க் கட்டையில் பட்டால் மரம் காயமாகிவிடும். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் ஒரு மெல்லிய படை இருக்கிறது. புதுப்பட்டையைப் பெற்றெடுப்பது அந்தப் படைதான். நம் தோலின் அடியிலும் குடலிலும் எலும்புச் சோற்றிலும் இதே வேலையைச் செய்யும் சிறப்பான அணுக்கள் உள்ளன. இவை பிரியும் போது ஒரு பிள்ளை தன்னைப் போலவே மூலமாக நிற்கும். மற்றொன்று வளர்ந்து, வேலை செய்து, உதிர்ந்துபோகும் அணுவாக மாறும். இத்தகைய மூல உயிரணுக்களைக் குருத்தணு என்பார்கள். செம்பனையின் மட்டைகளை எத்தனை வெட்டினாலும் மரம் சாவதில்லை. குருத்துச் செத்தால் மரம் செத்தது. ஆகவே பொருத்தமான பெயர்தான்.

எலும்புச் சோற்றில் இரத்தத்தை உண்டாக்கும் குருத்தணுக்கள் இருப்பதை 1961-இல் கனடாவின் டொரோண்டோ நகரில் டில், மெக்கல்லக் என்ற இரு அறிஞர்கள் எலிகளில் சோதனை செய்து காட்டினார்கள். நல்ல உறுப்புக்குக் குருத்து உண்டு என்றால், கெட்ட கட்டிக்கும் குருத்து உண்டோ என்ற ஐயம் அடுத்து எழுந்தது.

அதே டொரோண்டோவில் ஜான் டிக் என்பவரின் குழுவினர் 1994-இல் இரத்தப் புற்றுநோயை வைத்து இதனை ஆராய்ந்தார்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குன்றிய சுண்டெலிகளுக்கு நோயாளியின் புற்றணுக்களைச் செலுத்தினார்கள். எல்லாப் புற்றணுக்களாலும் எலிக்கு நோயைக் கொடுக்க முடியவில்லை. மிகச் சிறிய ஒரு பிரிவுதான் நோயைப் புதிதாக உண்டாக்கியது. மற்றவை லாலானின் இலைபோல. இந்தச் சிறு பிரிவே மண்ணுக்குள் இருக்கும் தண்டு.

அந்தச் சிறு பிரிவை எப்படிப் பிரித்தெடுத்தார்கள் என்பதே அடுத்த கேள்வி. உருப்பெருக்கியில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ஒவ்வோர் அணுவின் மேற்பரப்பிலும் பலவகைப் புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. வெட்டித் தள்ள வேண்டிய பழைய மரங்களுக்குச் சாயத்தால் குறி போடுகிறோம் அல்லவா? அதுபோல இந்தப் புரதங்கள் அணுவின் அடையாளக் குறிகளாக உதவுகின்றன. 1982-இல் பாரிஸ் நகரில் கூடிய அறிஞர்கள் இவற்றுக்குப் பொதுவான வரிசை எண் கொடுக்கும் முறையைத் தொடங்கினார்கள். சி.டி. 24, சி.டி. 44, சி.டி. 133 என்று இன்று சொல்லப்படுபவை அந்த எண்களே. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். செக்ரோலில் நம் பெயருக்கு எதிரே இருக்கும் எண்ணைப் போன்றதுதான்.

குறிப்பிட்ட ஒரு குறியில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளைத் தயாரித்து, அதனுடன் ஒளிரும் சாயத்தைச் சேர்த்து அணுக்களில் கலக்கிறார்கள். பின்னர் ஒரு கருவி, அணுக்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றையின் முன் ஓடவிட்டு, ஒளிர்வதை ஒரு பக்கமும் ஒளிராததை மறு பக்கமும் ஒதுக்கிவிடுகிறது. ஆலையில் பழுத்த செம்பனைக் குலையையும் காயையும் தரம் பிரிப்பதைப் போன்ற வேலைதான் இது.

இரத்தம் ஓடும் பொருள். மார்பிலும் மூளையிலும் வாயிலும் வரும் திண்ணிய கட்டிகளுக்கும் இது பொருந்துமா என்று 2003-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார்கள். மார்பகப் புற்றிலிருந்து சி.டி. 44 மிகுந்தும் சி.டி. 24 குறைந்தும் உள்ள அணுக்களைப் பிரித்து, அவற்றில் 100 அணுக்களை மட்டும் எலிக்குள் வைத்தார்கள். கட்டி வளர்ந்தது. அந்தக் குறியில்லாத அணுக்களைப் பல்லாயிரக்கணக்கில் வைத்தும் வளரவில்லை. மறு ஆண்டு மூளைக் கட்டியிலும், 2007-இல் பெருங்குடல் கட்டியிலும் சி.டி. 133 என்ற குறியைக் கொண்டு இதே போன்ற முடிவைக் கண்டார்கள்.

நம்மைத் தொடும் செய்தியும் அதே 2007-ஆம் ஆண்டில்தான் வந்தது. வாய், தொண்டை உள்ளிட்ட தலை, கழுத்துப் பகுதிப் புற்றுகளை அமெரிக்க ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். கட்டியில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த சி.டி. 44 குறியுள்ள அணுக்களே எலியில் புதிய கட்டியை வளர்த்தன. வளர்ந்த கட்டியில் குறியுள்ளவை, குறியில்லாதவை என இருவகை அணுக்களும் மீண்டும் கலந்து இருந்தன. தண்டிலிருந்து இலையும் தண்டும் சேர்ந்து முளைத்ததற்கு இது ஒப்பாகும். அதே ஆண்டில் நம் நாட்டிலும், மலேசிய நோயாளிகளின் வாய்ப்புற்றிலிருந்து எடுத்த அணுக்களை ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து வளர்த்து, நம் மக்களின் நோயை நம் நாட்டிலேயே ஆராய வழி செய்தார்கள். 2001-இல் தொடங்கப்பட்டு, பின்னாளில் மலேசியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரைப் பெற்ற அமைப்பும் மலாயாப் பல்கலைக்கழகமும் இத்துறையில் உழைத்து வருகின்றன.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். புற்றுநோய் மருந்துகள் பல, விரைந்து பெருகும் அணுக்களையே பெரிதும் தாக்குகின்றன. குருத்துத் தன்மை உடைய புற்றணுக்களில் சில மெதுவாகப் பெருகும். உள்ளே புகுந்த மருந்தை வெளியே இறைத்துவிடும். கதிர் பட்ட காயத்தைத் தாமே செப்பனிட்டுக்கொள்ளும். ஆகவே கட்டி சுருங்கலாம், புண் மூடலாம், வலி போகலாம். சில அணுக்கள் மட்டும் தங்கிவிடலாம். கட்டி சுருங்குவது வேறு. நோய் வேரோடு போவது வேறு. நோய் திரும்பியதற்குக் காரணம் கத்தி பட்டது அன்று. மிஞ்சி நின்ற அணுக்களே. மருத்துவர் கட்டியோடு சுற்றியுள்ள நல்ல சதையையும் ஓரளவு சேர்த்து எடுப்பதும், தேவையானால் கழுத்துக் கணுக்களை எடுப்பதும், அதன் பின் ஏறத்தாழ ஆறு வாரம் கதிர் சிகிச்சை கொடுப்பதும் அந்த மிச்சத்தை விடாமல் பிடிப்பதற்காகத்தான். பாதியில் நின்றால் லாலானை இலையோடு வெட்டிவிட்டு வந்த கதையாகும்.

“குறி தெரிந்துவிட்டதே, அந்தக் குறியை நோக்கி மருந்தை ஏவினால் என்ன?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அறிவியலாரும் அப்படித்தான் எண்ணினார்கள். சி.டி. 44-இன் ஒரு வகையைத் தேடிப்போய் நஞ்சை இறக்கும் ஒரு மருந்தைத் தலை, கழுத்துப் புற்று நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் அந்தக் குறி நல்ல தோலிலும் இருக்கிறது. ஒரு நோயாளியின் தோல் வெந்ததுபோல உரிந்து அவர் உயிர் இழந்தார். மருந்து நிறுத்தப்பட்டது; 2006-இல் அந்த அறிக்கை வெளியாயிற்று. கெட்ட பட்டையைச் சீவப் போய் மரத்தின் உயிர்ப்படையையே வெட்டியதற்கு ஒப்பாக முடிந்தது அந்த முயற்சி. சி.டி. 44 என்பது அணு தன்னைச் சுற்றியுள்ள பசை போன்ற பொருளைப் பற்றிக்கொள்ளும் ஒரு கைப்பிடி. நல்ல அணுக்களுக்கும் அது வேண்டும். வாயின் நல்ல உட்தோலிலும் அது தாராளமாக இருப்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

வேறு சிக்கல்களும் உண்டு. 2008-இல் ஒருவகைத் தோல் புற்றை, எதிர்ப்புச் சக்தி இன்னும் குறைந்த எலிகளில் சோதித்த போது, ஏறத்தாழ நாலில் ஓர் அணு கட்டியை வளர்க்கும் ஆற்றலுடன் இருந்தது. அங்கே குருத்தணு அரிதான பொருளாக இல்லை. 2017-இல் பெருங்குடல் புற்றின் குருத்தணுக்களை எலியில் குறிபார்த்து அழித்தார்கள், கட்டி சுருங்கியது. அழிப்பதை நிறுத்தியதும் சாதாரணப் புற்றணுக்களில் சில குருத்தணுவாக மாறிக் கட்டியை மீண்டும் வளர்த்தன. இங்கேதான் லாலான் உவமையும் நமக்குக் கைகொடுக்காமல் போகிறது. வெட்டிப்போட்ட புல்லின் இலை மண்ணுக்குள் புகுந்து தண்டாக மாறுவதில்லை, புற்றணுவோ மாறக்கூடும். ஆகவே குறி என்பது ஆய்வாளரின் கையில் உள்ள விளக்கு. அதனை நோயைத் தீர்க்கும் மந்திரம் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. “ஸ்டெம் செல் சிகிச்சையால் எந்தப் புற்றையும் வேரறுப்போம்” என்று யாராவது மாத்திரையோ ஊசியோ விற்க வந்தால், சேமித்த பணத்தை அவிழ்க்க வேண்டாம். இரத்தப் புற்றுக்குச் செய்யும் எலும்புச் சோறு மாற்றுச் சிகிச்சை வேறு. வாய்ப்புற்றைத் தீர்க்கும் குருத்தணு மருந்து என்று எதுவும் இன்று இல்லை.

அப்படியானால் இந்த அறிவால் நமக்கு என்ன பயன்? மூன்று பயன்கள் உண்டு.

முதலாவது, புண் மூடினாலும் சிகிச்சையை முடிக்க வேண்டும். அதன் பிறகும் குறித்த நாளில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாய்ப்புற்று திரும்புமானால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்புகிறது. அந்த நாள்களில் நலமாக இருக்கும் போதே போய்க் காட்டிவிட்டு வருவது வீண் அலைச்சல் அன்று. ஒருநாள் கூலி போகும். அதற்குப் பதிலாக ஓர் உயிர் நிற்கும்.

இரண்டாவது, வைத்தியத்துக்குப் பிறகும் வெற்றிலை பாக்கைத் தொடக் கூடாது. 1953-இல் சிக்காகோவின் சுலாட்டர் என்ற மருத்துவரும் துணைவர்களும், கட்டியைச் சுற்றிலும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் தோலிலும் கெடுதல் பரவியிருப்பதைக் கண்டு சொன்னார்கள். கெட்டுப்போன ஒரு குருத்தணுவின் வாரிசுகள் அந்த இடம் முழுவதும் பரவிவிடுவதே இதற்குக் காரணம் என்று இன்று கருதப்படுகிறது. அந்த மண்ணில் மேலும் எரு போடுவது போன்றது பாக்கு மெல்லுவது.

மூன்றாவதும் முதன்மையானதும், லாலான் தண்டு ஓடுமுன் பிடுங்குவது. வாய்ப்புற்று திடீரென்று வருவதில்லை. கன்னத்திலோ நாக்கிலோ தேய்த்தால் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாயைத் திறக்க முடியாமல் இறுகிப்போவது, கழுத்தில் கட்டி ஆகியவை அதன் அறிகுறிகள். புற்று சிறிதாக இருக்கும் போதே கண்டால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். கழுத்துக் கணுவுக்குப் பரவிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 ஊராட்சிப் பகுதிகளில் 1996-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் அடங்குவர். சில பகுதிகளில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார்கள். மற்றப் பகுதிகளில் அப்படிச் செய்யவில்லை. 2005-இல் முடிவு வெளியானது. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களில், வாய் பார்க்கப்பட்ட பகுதியில் வாய்ப்புற்றுச் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

கேரளத்துக் கிராமத்தில் நடந்தது நம் வட்டாரத்தில் ஏன் நடக்கக் கூடாது? மாதம் ஒரு முறை, முதல் தேதியில் என்று வைத்துக்கொள்வோம், வீட்டில் வெற்றிலை போடும் பெரியவர்களைச் சன்னல் ஓரம் உட்கார வையுங்கள். பல்செட் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். இரண்டு கன்னங்கள், உதட்டின் உட்புறம், நாக்கின் இரு ஓரங்கள், நாக்கின் அடி, அண்ணம் என்று வரிசையாகப் பாருங்கள். மேற்சொன்ன அறிகுறி ஏதும் கண்டால் மறுநாளே, ‘கிளினிக் பெர்கிகியான்’ என்று பலகை போட்டிருக்கும் அரசாங்கப் பல் மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பல் வலித்தால்தான் அங்கே போக வேண்டும் என்பதில்லை. வாயில் திட்டு இருக்கிறது என்று சொன்னாலே பார்ப்பார்கள். மேற்கொண்டு தேவையானால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுப்பார்கள். பீடோங்கில் உள்ள ஏம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலும் பல் மருத்துவத் துறை இருக்கிறது. போகும் போது பாட்டி தனியாகப் போகாதபடி வீட்டில் ஒருவர் துணைக்குச் செல்லுங்கள். டாக்டர் சொல்வதைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ள இன்னொரு காது நல்லது.

பாட்டி முதலில் சிரிப்பார், “இத்தனை வருஷமா போடுறேன், எனக்கு என்ன ஆச்சு?” என்பார். கோபிக்க வேண்டாம். விடிவதற்கு முன் எழுந்து காட்டுக்குப் போய், பசியையும் குளிரையும் அந்த ஒரு வாய் வெற்றிலையால் தாங்கிக்கொண்டு நம்மை வளர்த்தவர் அவர். அன்போடு வாயைத் திறக்கச் சொல்லுங்கள். புல் சிறிதாக இருக்கும் போது விரலாலேயே பிடுங்கிவிடலாம் என்பது அவருக்கும் தெரியும்.